நாகையாவின் ஸ்பாஞ்சுத் துண்டு

நாகையா அண்ணனைப் போல வாயில்லாத மனுஷனைக் கிள்ளான் பட்டணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. சாப்பாட்டுக் கடையில் சீனி போடாத தேத்தண்ணி கேட்பார். சீனியைக் கொட்டிக் கலக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள். சர்க்கரை வியாதிக்காரர், முதல் வாயிலேயே தெரிந்துவிடும். இருந்தாலும் "ஓகே லா பாஸ்" என்று முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது நான்தான்.

பகலில் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுவார். சனி, ஞாயிறுகளில் எங்கள் இசைக்குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். நான் பாடகி, அமுதவள்ளி. கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று பாதி ஆயுசை ஒரே மேடையில் கழித்திருக்கிறோம். அவர் கம்பியைத் தொட்டால் உருண்டையாக, அடக்கமாக ஒரு 'தும்' கேட்கும். அந்தத் 'தும்' மேல் காலை ஊன்றிக்கொண்டுதான் நான் பாடுவேன்.

அந்தச் சத்தத்துக்குக் காரணம் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சு என்றால் நம்புவீர்களா? பிள்ளைகள் தொட்டிலில் கிடந்த காலத்தில், வீட்டில் பழகும்போது அவர்கள் விழித்துக்கொள்ளக் கூடாதென்று அவர் மனைவி புனிதா ஒரு துண்டை வெட்டிக் கொடுத்தார். அண்ணன் அதைக் கம்பிகளுக்கு அடியில் செருகிக்கொண்டார். பிள்ளைகள் வளர்ந்து ஷா ஆலத்துக்கு வேலைக்கும் போய்விட்டார்கள். ஸ்பாஞ்சு மட்டும் கிட்டாரை விட்டுப் போகவில்லை. தேய்ந்துபோனால் புனிதா புதுத் துண்டு வெட்டித் தருவார். அந்தத் 'தும்' கேட்டால்தான் தனக்குத் தூக்கமே வருகிறது என்று என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

போன வருஷம் அண்ணனின் இடது கை விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட ஆரம்பித்தன. ஆபரேஷன் செய்தால் ஸ்டியரிங் பிடிக்கலாம், கம்பியை அழுத்தி வாசிப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்போதுதான் அந்த மனுஷன் முதல் தடவையாக எங்களிடம் வாய்விட்டு ஒன்று கேட்டார்.

"ஒரே ஒரு பாட்டு ரெக்கார்ட் பண்ணிடலாம் வள்ளி. என் சத்தம் எங்கயாச்சும் இருக்கட்டும்."

ஆபரேஷனுக்கு முன்பே பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஸ்டுடியோ பிடித்தோம். கீழே பூக்கடை, மேலே ஸ்டுடியோ. ஒலிப்பதிவு இன்ஜினியர் முகுந்தன் சின்ன வயசுக்காரர், மரியாதை தெரிந்தவர். என்னை 'ஆன்டி' என்று கூப்பிட்டதைத் தவிர அவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"அங்கிள், பேஸ் சத்தம் எப்படி வேணும் உங்களுக்கு?" என்றுதான் முதலில் கேட்டார்.

"நீங்க பாத்து செய்ங்க பாஸ்."

முடிவெட்டுகிறவரிடமும் இதே பேச்சு, லோரி மெக்கானிக்கிடமும் இதே பேச்சு. தொழில் தெரிந்தவரிடம் இப்படி வேண்டும், அப்படி வேண்டும் என்று சொல்வது அவமரியாதை என்று யார்தான் இவருக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ!

முகுந்தன் குனிந்து கிட்டாரைப் பார்த்தார். "அங்கிள், உள்ள இது என்ன?"

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. வெடுக்கென்று ஸ்பாஞ்சை உருவிச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார். "சும்மா லா பாஸ். வீட்டுக் குப்பை."

ஸ்பாஞ்சு இல்லாமல் வாசித்தார். கம்பிகள் கணீர் கணீரென்று நீளமாக ஒலித்தன. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது அவருடையது இல்லை. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, "அண்ணே, அத திரும்ப வைங்கண்ணே!" என்று மைக்கில் கத்தினேன். கையை அசைத்து என்னை அடக்கினார்.

"இந்த சத்தம் ஓகேயா அங்கிள்?"

"ஓகே லா பாஸ்."

முகுந்தன் மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஓகே.

ஆபரேஷன் முடிந்து அண்ணன் கட்டோடு வீட்டில் இருந்தபோது பாட்டு என் கைக்கு வந்து சேர்ந்தது. நானே கிள்ளானுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். புனிதா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, கடைசி வரை நின்று கேட்டார்.

"நல்லாருக்கு வள்ளி. பேஸ் யாரு வாசிச்சது? இவருக்குக் கை முடியலன்னு வேற ஆள வச்சிட்டீங்களா?"

அண்ணன் மெதுவாக, "நான்தான் புனிதா," என்றார்.

புனிதாவுக்கு முகமே விழுந்துவிட்டது. நான் அங்கேயே, அவர்கள் எதிரிலேயே போனில் ஸ்பீக்கரைப் போட்டு முகுந்தனைக் கூப்பிட்டேன். அன்று அண்ணன் கிட்டாருக்குள் வைத்திருந்தது ஸ்பாஞ்சு என்றும், அவர் சத்தமே அதுதான் என்றும் பொரிந்து தள்ளினேன்.

"ஐயோ ஆன்டி, ஸ்பாஞ்சுன்னு தெரிஞ்சுதான் கேட்டேன்," என்றார் அவர். "அந்த சத்தம் எனக்கு உயிரு. எந்த மாதிரி ஸ்பாஞ்சுன்னு தெரிஞ்சிக்கலாம்னு பாத்தேன். அங்கிள் எடுத்துட்டாரு. சரி, அவருக்கு இது வேணாம் போலன்னு விட்டுட்டேன். அங்கிள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அதோடவே எடுத்திருப்பேனே! நாளைக்கே வரச் சொல்லுங்க, திரும்ப எடுத்துடலாம்."

நான் அண்ணனின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று போனை அணைத்துவிட்டேன்.

இப்போதும் 'ஓகே லா' என்றுதான் சொல்வார், சொன்னால் நன்றாகத் திட்டிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. புனிதாவைப் பார்த்தார்.

"சொல்லியிருக்கணும்," என்றார். "வாயத் தொறந்து சொல்லியிருக்கணும், புனிதா. பாத்திரம் தேய்க்கிறதப் போய் வச்சிருக்கானேன்னு சிரிப்பாங்கன்னு நெனச்சிட்டேன்."