கந்தையா அண்ணை போட்ட கதிரை

வந்து குடியேறிய நாட்டில், செவன் ஹில்ஸில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், மெசின் சத்தத்துக்கு மேலால் போர்மன் கையைக் காட்டிக் கூப்பிட்டார். போனில் என் மனுசி றோசலின். "இஞ்சேருங்கோ, கந்தையா அண்ணை போயிற்றார்" என்றாள். "எங்க, றோட் ஐலன்டுக்கோ?" என்று கேட்டேன். பழக்கதோசம். மறுபக்கம் அழுகை கேட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. அண்ணை இருந்திருந்தால் அந்தப் பகிடிக்கு அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

ஹோம்புஷில் அவர் வீட்டுக்கு வந்து போன, இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்கள் எல்லாருக்கும் அந்தக் கதை தெரியும். அவர் ஆயிரம் தரம் சொன்னதை நான் ஒரு தரம் சொன்னால் குறைந்தா போய்விடும்? கப்பலில் வேலை செய்த மனிதர். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கப்பல் பழுதாகி, ஒரு பனிக்காலம் முழுக்க றோட் ஐலன்டில் கிடந்தார். அந்த நாட்டிலேயே ஆகச் சின்ன மாநிலம் அது. பெயர் மட்டும் அப்போது ஆக நீளம், 'றோட் ஐலன்டும் பிரொவிடன்ஸ் பிளான்டேசன்ஸும்'. "உங்களைப் போலத்தான் அண்ணை, ஆள் கட்டை, கதை நீளம்" என்பேன். அவர் காதில் விழாதது போல ஐந்து விரலையும் விரித்து, கடல் எப்படி நிலத்துக்குள் புகுந்து கிடக்கிறது என்று காட்டுவார். "தீவு எண்டு பேர்தான். முக்கால்வாசி தீவே இல்லை." அவரே ஊர்காவற்றுறைக்காரர், அதுவும் தீவுதான். தீவார் எங்கே போனாலும் தீவையா தேடிப் போவது என்று கேட்டால் செல்லமாக ஒரு குட்டு விழும்.

அங்கே ஒரு போத்துக்கேயக் குடும்பத்தின் வீட்டில் அறை கிடைத்ததாம். மீன் பிடிக்கவும் நெசவு ஆலைகளில் வேலை செய்யவும் வந்து குடியேறிய சனம். வீட்டுக்காரிக்கு இங்கிலீசு வராது, அண்ணைக்கும் அரைகுறை. குளிரில் கால் நடுங்க, தன்னையறியாமல், "ஐயோ, இருக்க ஒரு கதிரை தா அம்மா" என்றிருக்கிறார். அவள் உடனே கதிரையை இழுத்துப் போட்டாள்! மேசை என்றார், மேசையைத் தொட்டாள். குசினி என்றதும் கையோடு கூட்டிக்கொண்டே போய்விட்டாள். அங்கே அடுப்பில் சிப்பிச் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. "எங்கட கோயிலை இடிச்ச போத்துக்கேயர், கதிரை எண்ட சொல்லையாவது தந்திட்டுப் போனாங்களே" என்பார் அண்ணை.

ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. மலிவு நகை செய்யும் தொழிற்சாலைகள்தான் பலருக்குச் சோறு போட்டன. அண்ணை தன் மனுசிக்கென்று அங்கே வாங்கி வந்த புரோச் கொழும்பில் இறங்கும் முன்பே பச்சை பிடித்துவிட்டது. நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவ அதை இன்றைக்கும் சேலையில் குத்திக்கொள்கிறா.

றோட் ஐலன்டைத் தொடக்கியவர் பக்கத்து ஊர்க்காரர் துரத்திவிட்ட ஒரு பாதிரியார். பூர்வீகச் சனத்திடம் இடம் கேட்டு வாங்கி, அவரவர் தம் மனசுப்படி கும்பிடலாம் என்று வைத்தாராம். "அதே ஊர்தான் பிறகு அடிமைக் கப்பலும் விட்டது. அதையும் சேர்த்துச் சொல்ல வேணும்" என்று அண்ணை மறக்காமல் சொல்வார்.

போன வருசத்துக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் வீட்டில் நாங்கள் சேர்வது வழக்கம். அன்றைக்கு ஒருவர் எழும்பி, இனித் தேவாரம் மட்டும் பாடுவோம், வேதக்காரர் தனியாகக் கூடட்டும் என்றார். பெயர் சொல்லமாட்டேன், இதை வாசித்து அவரே சிரிப்பார். என் மனுசி வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள். நேர்ஸ் வேலைக்கு அவள் வர, அவளுடைய பெட்டியோடு பெட்டியாக வந்தவன் நான். கிழமை முழுக்க வார்டில் இங்கிலீசு. அந்த ஒரு ஞாயிறுதான் அவளுக்கு நாலு பேரோடு தமிழ். அதுவும் போனால் இந்த ஊரில் அவளுக்கு வேறு போக்கிடம் இல்லை. அவள் கைப்பையைத் தோளில் போட்டாள். "வாங்கோ, போவம்" என்றாள். ஊரையே பகிடி பண்ணுகிற நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

அண்ணை குசினிக்குள் போனார். ஒரு கதிரையைத் தூக்கி வந்து நடுவில் போட்டார்.

"இரு பிள்ளை." பிறகு மற்றவரைப் பார்த்தார். "தம்பி, நீர் எதில இருந்தனீர்?"

"கதிரையில."

"அது போத்துக்கேயன்ர சொல்லு. வேதக்காரன் கொண்டு வந்தது. சைவக்காரர் எல்லாரும் எழும்பி நிலத்தில இருங்கோ பாப்பம்!"

அக்காதான் முதலில் சிரித்தது. பிறகு வீடே சிரித்தது. அந்த மனிதர் தன் கதிரையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் சிரித்தார். தேவாரம் பாடி முடிய றோசலின் மாதா பாட்டுப் பாடினாள். அன்றையிலிருந்து அப்படித்தான்.

அண்ணையின் செத்தவீட்டில் நின்று நின்று அவளுக்குக் கால் உளைந்தபோது, சொல்லாமலே கதிரை கொண்டுவந்து போட்டவரும் தேவாரம் மட்டும் பாடுவோம் என்ற அதே மனிதர்தான்.

அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில். மதுரையிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வருகிறது. அண்ணையிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒன்றுதான்: ஆர் வந்தாலும் முதலில் கதிரை, பிறகு கதை. அவர்கள் அதை நாற்காலி என்பார்கள். சொல்லட்டும். வந்து இருந்தால் சரி.