முன் சில்லுக்கு நேரே ஒரு மீன் பெட்டி

இரண்டு வருஷங்களுக்கு முன், ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வடமராட்சியின் மணற்காட்டுக் கடற்கரையில் இது நடந்தது.

நான் நில அளவை வேலை செய்பவன். மாதத்தில் பாதி நாள் வடமராட்சி கிழக்கின் மணல் பாதைகளில்தான் கழியும். அதற்காகப் பின் இருக்கையும் உள்ள பழைய பிக்கப் ஒன்றை வாங்கியிருந்தேன். அது போன இடமெல்லாம் புதைந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது உழவு இயந்திரம் கொண்டுவந்து இழுத்துவிட வேண்டும். வெட்கம் தாங்காமல், வாகனத்தை உயர்த்திப் பெரிய டயர் போடுவதென்று முடிவெடுத்தேன். மூன்று மாதம் இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். எந்த ஸ்பிரிங், எந்த ஷொக், எவ்வளவு அகலமான டயர் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். தோட்டவேலை செய்யும் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். படித்தால் எதையும் தெரிந்துகொள்ளலாம் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு கராஜில் வேலை நடந்தது. எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு கராஜ்கார அண்ணை ஒன்றைச் சொன்னார். வாகனம் உயர்ந்துவிட்டது, ஆனால் முன் சில்லுகளுக்குப் போகும் பிரேக் குழாய்கள் பழைய நீளம்தான். சில்லு பள்ளத்தில் தொங்கினால் குழாய் இழுபடும். நீளமான குழாய் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமை, ஏழெட்டு நாள், ஆகும், அதுவரை தார் றோட்டில் மட்டும் ஓடு என்றார். "ஓம் அண்ணை" என்றேன். அது வெள்ளிக்கிழமை.

ஞாயிறு காலை அம்மாவையும் அக்காவையும் அக்காவின் நாலு வயது மகளையும் ஏற்றிக்கொண்டு வல்லிபுர ஆழ்வார் கோயிலுக்குப் போனேன். கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பியிருக்கலாம். புது டயர் மணலில் ஓடுவதை அவர்களுக்குக் காட்டாமல் வர மனம் கேட்கவில்லை. மணற்காட்டுக்கு விட்டேன்.

மணல் மேடு ஒன்றில் ஏறி இறங்கினேன். முன்பு இரண்டு தரம் புதைந்த அதே மேடு. வழுக்காமல் ஏறியது.

"மாமா, இன்னொருக்கா" என்றாள் சின்னவள்.

மறுபடி ஏறினேன். இறங்கும்போது இடது முன் சில்லு ஒரு பள்ளத்துக்கு மேல் தொங்கி, பிறகு தொப்பென்று விழுந்தது. எல்லோரும் சிரித்தோம். மணலில் ஓடும்போது பிரேக்குக்குப் பெரிதாக வேலை இல்லை. அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தாலே மணல் நிறுத்திவிடும். அதனால் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கடற்கரையில் ஒரு குடிசையோரம் நிழல் கண்டு நிறுத்தினேன்.

கடலில் கால் நனைத்துவிட்டு வந்து, எல்லோரையும் ஏற்றி, எஞ்சினையும் ஸ்டார்ட் செய்துவிட்டேன். பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் கையைத் தட்டிக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும்.

"தம்பி, உதென்ன, என்ரை கருவாட்டுப் பாயடியிலை எண்ணெயை வடிச்சு வச்சிருக்கிறீர்?"

"அது ஏசித் தண்ணி அக்கா. ஒண்டும் செய்யாது" என்றேன், கண்ணாடியை இறக்கி.

அவர் குனிந்து, சில்லின் உட்பக்கம் விரலை வைத்து எடுத்து, இரண்டு விரலாலும் தேய்த்துப் பார்த்தார். "தண்ணி இப்பிடி வழுக்குமே? இறங்கிப் பாரும்."

எனக்கு எரிச்சல் வந்தது. பின்னாலிருந்து அம்மா, "அவன் படிச்சவன், பிள்ளை. அவனுக்குத் தெரியும்" என்றார்.

"படிச்ச ஆக்கள் குனிஞ்சு பாக்கக் கூடாதோ அம்மா?"

நான் கியரில் கையை வைத்தேன். அவர் பிளாஸ்டிக் மீன் பெட்டி ஒன்றை இழுத்துவந்து, முன் சில்லுக்கு நேரே கவிழ்த்து வைத்து, அதன் மேல் இருந்துகொண்டார்.

"இப்ப எடும் பாப்பம்."

பின் இருக்கையில் என் அக்கா சிரித்துவிட்டாள். எஞ்சினை நிறுத்திவிட்டு, அவர் சொல்வது பிழை என்று காட்டத்தான் இறங்கினேன். சில்லின் உட்பக்கம் முழுக்கப் பிரேக் எண்ணெய் ஈரம். பிரேக் குழாய் பூட்டும் இடத்தில் இறப்பர் பாதி கிழிந்து வாயைத் திறந்திருந்தது. ஏறிப் பிரேக்கை மிதித்தேன். முதல் மிதியில் பெடல் மெத்தென்று இறங்கியது. இரண்டாம் மிதியில் கிட்டத்தட்ட அடிமட்டம் வரை போனது.

மணலை விட்டு ஏறினால் பருத்தித்துறை றோட், பிறகு வல்லை வெளி. அங்கே இரண்டு பக்கமும் தண்ணீர், எதிரே பஸ்கள். ஆள் நடமாட்டமில்லாத நேரான றோட் என்று எப்போதும் வேகமாகப் போகிற இடம். சின்னவள் பின் இருக்கையில் அம்மாவின் மடியில் ஏறி நின்று யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, தண்ணிதானே?" என்றார் அந்தப் பெண், பெட்டியில் இருந்தபடியே. என் முகத்தைப் பார்த்ததும் பகிடியை விட்டுவிட்டார். "சரி, சரி. ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. பிள்ளையை வெயிலுக்கை வச்சிருக்காமல் உள்ளை வாங்கோ."

கராஜ்கார அண்ணைக்கு அழைத்துச் சொன்னேன். "நான் சொன்னனான் எல்லே" என்று மட்டும் சொன்னார். ஞாயிறு என்றும் பாராமல் மோட்டார் சைக்கிளில் சாமான்களோடு வெளிக்கிட்டார். அவர் வரும்வரை இரண்டு மணித்தியாலம் அந்தக் குடிசையில் இருந்தோம். அம்மா ஆவணி ஞாயிறு விரதம் என்று அறிந்ததும் அந்தக் குடிசைக்கார அக்கா சட்டியை மறுபடி கழுவி, புறம்பாகச் சோறு வைத்து, தேங்காய்ச் சம்பல் இடித்துக் கொடுத்தார். எங்களுக்கு மீன் குழம்பு. எண்ணெய் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். வீட்டுக்காரர் வலை இழுக்கும் உழவு மிசினைத் திருத்தினால் ஒயில் துடைப்பது தான்தான் என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், குழாய் விஷயம் வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும் என்று. அம்மா கோபிக்கவில்லை. "இனி ஆரும் சொன்னால் கேள்" என்றார். அவ்வளவுதான். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அண்ணை வந்து அதே பழைய நீளத்தில் வேறு குழாய் போட்டு, அது இழுபடாதபடி சின்ன இரும்புத் துண்டொன்றால் அதைப் பூட்டும் இடத்தைக் கொஞ்சம் கீழிறக்கினார். "மிதி... பிடி... விடு" என்று குழாயிலிருந்து காற்றை வெளியேற்ற அவர் கீழே படுத்திருந்து சொல்லச் சொல்ல, நான் மேலே இருந்து மிதித்தேன். பெடல் மெல்ல மெல்ல இறுகி வந்தது. வீட்டுக்குப் போகும்வரை அவர் எங்களுக்கு முன்னால் மெதுவாகவே ஓடினார்.

எங்கள் வீட்டில் நான் சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை. அன்றைக்கு முன்பின் தெரியாத ஒருவர் என் முகச்சுளிப்பைக் கணக்கெடுக்காமல் என்னை மறித்தார். மரியாதைக்காக ஒதுங்கிப் போயிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது சின்னவள் பள்ளிக்கூடம் போகிறாள். சில காலைகளில் நான் அவளைக் கொண்டுபோய் இறக்கிவிடும்போது, புத்தகப் பை முதுகில் குதிக்க அவள் வாசலுக்குள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இந்தக் காட்சி எனக்குக் கிடைத்தது அந்த அக்காவால் என்று நினைக்காமல் ஒரு நாளும் வாகனத்தைத் திருப்பியதில்லை.