நான் பஞ்சராகச் சொல்லி ஜெபித்த பஸ்

வெங்காய ஷெட்டில் அழுவதில் ஒரு வசதி இருக்கிறது. ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். போன வருஷம் ஐப்பசி மாதம் முழுக்க அந்த வசதியை நான் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

அன்பான சபை மக்களே, நான் மைக்கைப் பிடித்தாலே முன்வரிசையில் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள். "ஞானராஜ் ஏந்திரிச்சிட்டான், இன்னிக்கி ஆராதனை முடிஞ்ச மாதிரிதான்" என்று பின்வரிசையில் பேச்சு வேறு. அதனால் இந்தச் சாட்சியை எழுதியே தருகிறேன். சிரிப்பு வருகிற இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படித்துவிடுங்கள்.

குன்னம் போகிற ரோட்டில் என் ஷெட் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு மூக்கே வழி காட்டும். நம் பக்கத்துக் காடுகளில் விளைகிற சின்ன வெங்காயத்தை வாங்கி, தோல் உரித்து, திருச்சி ஹோட்டல்களுக்கு அனுப்புகிற தொழில். காற்றடித்துத் தோலைப் பறக்கவிடும் மெஷின் ஒன்றையும், உரித்ததை வைக்க ஆள் உயரக் குளிர்பெட்டி ஒன்றையும் பேங்க் கடனில் வாங்கினேன். உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுத்தால் கடனில் ஒரு பங்கை அரசாங்கம் மானியமாகக் கழித்துவிடும் என்றார்கள். ஷெட் தொடர்ந்து ஓட வேண்டும், பத்துப் பேருக்குக் குறையாமல் வேலையில் இருக்க வேண்டும், ஆபீசிலிருந்து வந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான் நிபந்தனை. ஆள் இல்லை என்றால் மானியம் இல்லை. மானியம் இல்லை என்றால் மெஷின் பேங்குக்கு. நான் பழையபடி அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டப் போக வேண்டியதுதான். என் இடுப்பு அதற்கு எப்போதோ ராஜினாமா கொடுத்துவிட்டது.

மெஷின் தோலைத்தான் எடுக்கும். தலையும் வாலும் நறுக்க மனுஷக் கைதான் வேண்டும். எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் என்னிடம் இருந்தார்கள். அதில் செல்வராணிதான் கெட்டிக்காரி. கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும், இரண்டிலும் பிசிறு இருக்காது.

அப்போதுதான் ஹைவே பக்கம் ஒரு செருப்புக் கம்பெனி திறந்தார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., மதியச் சாப்பாடு, ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொள்ளும் பஸ். மாதம் முழுக்க லேட்டாகாமல் வந்தால் தனியாக ஊக்கத்தொகை. நான் என்ன கொடுத்தேன்? கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, பதினோரு மணிக்கு ஒரு டீ, நாள் முழுக்க என் ஜோக். ஜோக்குக்கு பி.எஃப். கிடையாதே.

ஒவ்வொருத்தராகப் போனார்கள். கடைசியாகச் செல்வராணி வந்து நின்றாள்.

"அண்ணே, நாளைக்கி ஒண்ணாந்தேதிலேருந்து நானும் அந்த பஸ்ஸுல போறேண்ணே."

"போய்ட்டு வாம்மா. வரும்போது எனக்கு ஒரு ஜோடி எடுத்துட்டு வா. ஒம்போதாம் நம்பரு."

சிரித்தாள். கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிய அவளுடைய கத்தியைத் துடைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். நான் திரும்பி நின்று மெஷினைத் துடைக்கிற மாதிரி நின்றேன். கண்ணீர் நிற்கவில்லை. அவள் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் சொன்னேனே, ஷெட்டின் வசதி.

அந்த வாரமே ஆபீசிலிருந்து போன். தீபாவளி முடிந்ததும் ஆபீசர் மேடம் ஷெட்டைப் பார்க்க வருகிறார்களாம். ஷெட்டில் அப்போது இருந்தது நானும் என் மனைவி ரோஸ்லினும். மெஷினையும் சேர்த்தால் மூன்று பேர்.

நான் பயந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பி.பி. மாத்திரை போட்டோமா இல்லையா என்று மறந்து இன்னொன்று போட்டேன். போட்டுவிட்டேனே என்று பயந்ததில் பி.பி. பழைய இடத்துக்கே ஏறிவிட்டது. ஜெபம் பண்ணச் சொல்லி போதகர் ஐயா வீட்டுக்குப் போய், வெட்கப்பட்டு, அவர் வீட்டு முருங்கை மரத்தைப் பற்றியே பேசிவிட்டுத் திரும்பினேன். ஊரில் எல்லாரையும் சிரிக்க வைக்கிறவன் போய் 'எனக்குப் பயமா இருக்கு' என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் மூளை ஒரு யோசனை சொன்னது. மேடம் வருகிற அன்றைக்கு மட்டும் மனைவி வழிச் சொந்தக்காரர்களை அரியலூரிலிருந்து வரவழைத்து, தலையில் துண்டைக் கட்டி, வேலைக்காரர்கள் மாதிரி உட்கார வைத்துவிடலாம்.

ரோஸ்லின் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க அக்கா வெங்காயத்த வாங்குறதுக்கே மூக்கப் பொத்திக்கும். அதப் போயி உரிக்க வைக்கப் போறீங்களா?"

"ஒரு நாளைக்குத்தானே."

"ஒரு நாளோ ஒரு நிமிசமோ, பொய்யி பொய்யிதாங்க. ஞாயித்துக்கெழம காணிக்கத் தட்டு புடிக்கிற கையி உங்க கையி. போயி மொழங்கால் போடுங்க. ஆள் வேணும்னா ஜெபத்தக் கேக்குறவர்கிட்ட கேளுங்க."

மறுநாள் காலையில் மூட்டைகளுக்குப் பின்னால் முழங்கால் போட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து, எங்கள் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ் ஷெட்டைத் தாண்டிப் போனது. ஹார்ன் வேறு அடித்தது. என் வாயில் வந்த ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன், யாரும் என்னைச் சபை நீக்கம் பண்ணிவிட வேண்டாம்.

"ஆண்டவரே, அந்த பஸ்ஸுக்கு ஒரு பஞ்சரைத் தாரும். யாருக்கும் அடி கிடி படவேண்டாம். ஒரே ஒரு டயர் போதும்."

விசுவாசத்தோடு கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். வயிற்றெரிச்சலோடு கேட்டேன்.

அந்த மாதத்தின் கடைசி நாள். விடிந்ததிலிருந்து மழை. ஷெட்டின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், ரோட்டில் டமார் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் கம்பெனி பஸ் என் ஷெட்டுக்கு நேர் எதிரே ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பின் டயர் போய்விட்டது.

சந்தோஷம் வரவில்லை, சகோதரர்களே. பயம்தான் வந்தது. நான் கேட்டு எதுவும் அவ்வளவு சீக்கிரம் கிடைத்ததே இல்லை. குடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சேற்றில் டிரைவர் ஜாக்கியோடு போராடிக்கொண்டிருந்தார். ஸ்டெப்னியை நான்தான் உருட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பஞ்சருக்கு ஜெபம் பண்ணினவனே ஸ்டெப்னி உருட்டிய கதையை வேறு எந்தச் சபையிலும் கேட்டிருக்க மாட்டீர்கள். அந்த ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. ஒன்று போதும் என்றுதானே கேட்டேன், ஆண்டவர் தாராளமாகக் கொடுத்துவிட்டார்.

எங்கள் ஊர்தான் முதல் ஸ்டாப் என்பதால் பஸ்ஸில் இருந்தது எங்கள் பெண்கள் மட்டும். மழைக்கு ஷெட்டுக்குள் ஓடி வந்தார்கள். அவரவர் பழைய இடத்தில் அவரவர் உட்கார்ந்தார்கள். செல்வராணி ஜன்னல் விளிம்பிலிருந்து அந்தச் சிவப்புத் துணிக் கத்தியை எடுத்தாள்.

"சும்மா ஒக்காந்தா கை கேக்க மாட்டேங்குதுண்ணே" என்று நறுக்க ஆரம்பித்தாள்.

என் நெஞ்சுக்குள் பேண்டு வாத்தியம். கர்த்தர் எல்லாரையும் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்! டீ போட ஓடினேன். டம்ளரை நீட்டும்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். போனில் மணி பார்ப்பதும், ரோட்டைப் பார்ப்பதும், கண்ணைத் துடைப்பதுமாக இருந்தாள்.

"என்னம்மா, வெங்காயம் மறந்துபோச்சா? ஒரே மாசத்துலயே கண்ணு கலங்குது?"

"அது இல்லண்ணே. இந்த மாசம் ஒரு நாளு கூட நான் லேட்டாவல. இன்னிக்கி ஒரு நாளு நேரத்துக்குப் போயிருந்தா ஊக்கத்தொகை வந்துரும், பஸ்ஸு நின்னாலும் லேட்டுன்னா லேட்டுதானாம். பாப்பாவுக்குக் கண்ணாடி போடலாம்னு வெச்சிருந்தேன். போர்டுல எழுதுறது தெரிய மாட்டேங்குதாம், டீச்சரு சொல்லி அனுப்பிட்டாங்க. இனி அடுத்த மாசந்தான்."

டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். நான் பஸ் டயருக்கு என்று வேண்டிய ஜெபம் அந்தப் பிள்ளையின் கண்ணில் போய் விழுந்திருந்தது.

"ஏந்திரிங்க எல்லாரும்! குட்டியானைல ஏறுங்க" என்றேன். வெங்காயம் ஏற்றுகிற என் சின்ன வண்டியைத்தான் சொல்கிறேன்.

"கம்பெனிக்கா? நீங்களா கொண்டுபோயி வுடப்போறீங்க?" என்றாள் செல்வராணி.

"ஏறும்மா, எனக்கு மனசு மாறுறதுக்குள்ள."

பின்னால் எல்லாரும் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது எனக்கும் தெரியும். சபையில் போலீஸ்காரர்கள் இருந்தால் இந்த ஒரு தரம் மன்னியுங்கள். என்னை விட்டுப் போன ஆட்களை நானே ஏற்றிக்கொண்டு, எந்த இடத்துக்குப் போகக்கூடாது என்று ஜெபித்தேனோ அந்த இடத்துக்கே கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். முன்சீட்டில் செல்வராணி.

கொஞ்ச தூரம் போனதும் அவள் சொன்னாள். "அண்ணே, நான் வேலைலேருந்து நின்ன அன்னிக்கி நீங்க அழுதீங்க."

"வெங்காயம்மா."

"சும்மா இருங்கண்ணே. எத்தன வருசம் உங்க ஷெட்டுல இருந்திருக்கேன்? உங்க கண்ணு ஒரு நாளு வெங்காயத்துக்குக் கலங்கி நான் பாத்ததில்ல. வூட்டுக்குப் போயும் மனசே ஆறல."

வைப்பரைக் கூட்டி வைத்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்கு ஜோக் கிடைக்கவில்லை.

"பயமா இருக்கும்மா" என்றேன். ஆபீசர் வருவதை, பத்துப் பேர் வேண்டும் என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். பஞ்சர் ஜெபத்தை மட்டும் சொல்லவில்லை.

"எங்க அம்மாவ ஏண்ணே கூப்புடல?" என்றாள். "கம்பெனில முப்பத்தஞ்சு வயசுக்கு மேல எடுக்கறதில்ல. எங்க அம்மா, மேலத் தெரு சின்னப்பொண்ணு அத்த, எல்லாம் வூட்லதான் கெடக்குறாங்க. நீங்க ஆறு மணி வரைக்கும் வேலைன்னு வெச்சிருக்கீங்க. நாலு மணிக்கு ஸ்கூல் வுட்டா புள்ளைங்கள யாரு பாக்குறது? ஸ்கூல் மணிக்கு வந்து ஸ்கூல் மணிக்கு வுடறதுன்னா தெருவே வரும்."

"சாயங்காலம் திருச்சி பஸ்ஸுல சரக்கு ஏத்தணுமே. அதான் ஆறு மணி."

"அப்ப அந்தப் பெரிய பொட்டி எதுக்குண்ணே வாங்குனீங்க?"

அந்தக் குளிர்பெட்டியில் அதுவரை நான் வைத்திருந்தது என் மோர்ப் பாட்டிலும் ஒரு தர்பூசணியும். நாலு மணி வரை உரித்ததை ராத்திரி அதில் வைத்துக் காலை பஸ்ஸில் அனுப்பலாம் என்று அப்போதுதான் உறைத்தது.

கம்பெனி வாசலில் நேரத்துக்கு முன்னாலேயே இறக்கிவிட்டேன். வாட்ச்மேன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். செல்வராணி ஓடிக்கொண்டே திரும்பிக் கையை ஆட்டினாள். வரும் வழியில் வண்டியை ஓரம்கட்டி ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதேன். அங்கே வெங்காயம் இல்லை, சாக்கும் இல்லை. "ஆண்டவரே, நான் கேட்டது தப்பு. எனக்கு ஒண்ணும் தெரியல. நீரே பாத்துக்கும்" என்றேன். அவ்வளவுதான் ஜெபம். தலையை நிமிர்த்தினால், பதில் ஏற்கெனவே முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கிப் போயிருக்கிறது.

அன்றைக்கே செல்வராணியின் அம்மா பூங்கோதை வீட்டுக்குப் போய், ஸ்கூல் மணிக்கே விட்டுவிடுகிறேன் என்று வேலைக்குக் கூப்பிட்டேன். அறுபதைத் தொடுகிறவர். உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பேரம் பேசினார்.

"கிலோ கணக்குன்னா நாங்க வரல தம்பி. எங்க கையி மெதுவா ஓடும். காட்டுல களையெடுக்கப் போனா மெதுவா எடுக்குறவளுக்குக் கம்மியாவா குடுக்குறாங்க? எல்லாருக்கும் ஒரே கூலி. சனிக்கெழம கையில குடுத்துரணும். எங்க கையிலதான். எங்க வூட்டு ஆம்பள கையில இல்ல."

"சரிங்கக்கா."

"அந்த டீயி?"

"டீயும் உண்டுங்கக்கா. ஜோக்கும் உண்டு."

"டீ போதும்" என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் எனக்கு லாபம் குறையும்தான். ஆனால் காலை பஸ்ஸில் போன சரக்கு சமையல் நேரத்துக்கே வாடாமல் போய்ச் சேர்ந்ததில் ஹோட்டல்காரர்கள் கூடுதலாகவே கேட்டார்கள். கர்த்தர் அதற்கும் வழி வைத்திருந்தார்.

மேடம் வந்த அன்றைக்கு ஷெட்டில் பதினான்கு பேர். ஒருத்தர்கூட என் மனைவி வழிச் சொந்தமில்லை. மேடம் பூங்கோதை அக்காவிடம் குனிந்து, "உங்களுக்கு என்னம்மா வயசு?" என்று கேட்டார்.

"ரேசன் கார்டுல ஒண்ணு இருக்கு, ஆதார்ல ஒண்ணு இருக்கு. உங்களுக்கு எது வேணும்?"

மேடம் சிரித்தார். சிரித்த வாயோடு கண்ணீரும் கொட்ட ஆரம்பித்துவிட்டது, வெங்காயத்துக்குப் புதுக் கண் அல்லவா. ஒரு கையில் கைக்குட்டையும் ஒரு கையில் பேனாவுமாக, அழுதுகொண்டேதான் கையெழுத்துப் போட்டார். மானியம் வந்தது. மெஷின் என்னிடமே இருக்கிறது. என் இடுப்பும்தான்.

செல்வராணியின் பாப்பா இப்போது கண்ணாடி போட்டிருக்கிறாள். ஸ்கூல் விட்டதும் ஷெட்டுக்கு வந்து பூங்கோதை அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறாள். முதல் நாள் என்னைக் கண்ணாடி வழியாக ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "மாமா, உங்களுக்கு இவ்ளோ நரச்ச முடியா?" என்றாள். ஆண்டவர் திறந்த கண், நான் என்ன சொல்வது?

நானும் மாறியிருக்கிறேன். பயம் வந்தால் ரோஸ்லினிடம் சொல்கிறேன். போதகர் ஐயாவிடம் முருங்கை மரத்தை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆட்களிடம் ஜோக் சொல்வதற்கு முன்னால், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிறேன்.

பிரியமானவர்களே, உங்களில் யாராவது மூட்டைக்குப் பின்னால் ஒளிந்து அழுதுகொண்டிருந்தால், அப்படியே ஆண்டவரிடம் போய்ச் சொல்லுங்கள். நல்ல வார்த்தையாகத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். என் ஜெபத்தைவிட மட்டமான ஜெபத்தை நீங்கள் பண்ணிவிட முடியாது. அதையே கேட்டுத் திருத்தி, நல்லதாகத் திருப்பித் தந்தவர் உங்களையும் கைவிட மாட்டார்.

இன்றைக்கும் காலையில் கம்பெனி பஸ் ஷெட்டைத் தாண்டிப் போகிறது. ஹார்ன் சத்தம் கேட்டதும் நறுக்குகிற கைகள் நின்று, எல்லாரும் ரோட்டைப் பார்ப்போம். அவரவர் மகளோ மருமகளோ அதில் போகிறாள். பூங்கோதை அக்கா கத்தியை ஆட்டுவார். நான் கையைத் தூக்கி, பஸ் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் சத்தமாகவே ஜெபிப்பேன்.

"ஆண்டவரே, எல்லா டயரையும் காத்துக்கொள்ளும். ஸ்டெப்னியையும் சேர்த்து."