அவர் உட்காராத நாற்காலியும் பிலோமினாம்மாவும்

வியாழக்கிழமை காலை என் கடை வாசலில் மிளகாய் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. தும்மலுக்கு நடுவே போனை எடுத்தேன். "அண்ணாச்சி, அம்மா பூட்டாங்கோ" என்றார் பிலோமினாம்மாவின் மகள் ஸ்டெல்லா. கண்ணில் நீர் கட்டியது. பக்கத்தில் நின்றவர்களிடம் மிளகாய்க் காரம் என்று சொல்லி வைத்தேன்.

ராயபுரத்தில் எங்கள் படிப்பகத்தை இருபது வருடங்களுக்கு மேல் காலையில் திறந்து, கூட்டிப் பெருக்கி, மாலையில் பூட்டிய பிலோமினா அம்மாள் இறந்துவிட்டார். நான் அந்தப் படிப்பகத்தின் செயலாளர். அவரை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அறிந்தவர்களுக்கும் தெரியாத ஒன்றை ஒப்புக்கொள்ளவும் எழுதுகிறேன்.

எங்கள் படிப்பகத்தின் பெருமை ஒரு தேக்கு நாற்காலி. பிரம்புப் பின்னல், இடது கை கொஞ்சம் ஆடும். சுதந்திரத்துக்கு முன்னால் தேசத்தந்தை இந்தப் பக்கம் வந்தபோது அவருக்காகப் போட்டது. துறைமுகக் கிடங்கு ஒன்றிலிருந்து அதைத் தலையில் சுமந்து வந்தவர், அப்போது அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பிலோமினாம்மாவின் அப்பா. ஆகவே பார்க்க வருகிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்வது அவருடைய உரிமையாகவே இருந்தது.

"எங்க நைனா தல மேல வெச்சு எட்துகினு வந்து போட்டாரு. அவரு இன்னா பண்ணாரு? நாற்காலியப் பாத்தாரு, ஒரு சிரிப்பு சிரிச்சாரு, பக்கத்துல தரையில குந்திகினாரு. நைனாவுக்கு ஒரே பேஜாரா பூட்ச்சு!"

ஒருமுறை பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி, "அப்ப இந்த நாற்காலிய எதுக்கு வெச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டாள். பிலோமினாம்மா அசரவில்லை. "அவரு குந்துன நாற்காலி ஊருக்கு ஊரு கீது கண்ணு. குந்தாம உட்டது இது ஒண்ணுதான்" என்றார்.

எனக்குப் பூர்வீகம் தெற்குச் சீமை. தண்டையார்பேட்டையில் நாற்பது வருடம் மளிகை மொத்த வியாபாரம் செய்தும் என் தமிழ்தான் தமிழ் என்ற திமிர் போகவில்லை. 'குந்தினார்' என்று சொல்லாதீர்கள், 'அமர்ந்தார்' என்று சொல்லுங்கள் என்று அவரைத் திருத்துவேன். "குந்துனாருன்னா முட்டிய மடிச்சு குந்துறது கண்ணுக்குத் தெரியுது அண்ணாச்சி. அமர்ந்தாருன்னா ஆளே தெரியல" என்பார். ஒருமுறை பெருமழையில் படிப்பக ஹாலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தபோது, நாற்காலியை மேசைமேல் ஏற்றி, சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர். காசிமேட்டில் அவர் வீட்டிலும் தண்ணீர்தான். "வூட்ல கீறதெல்லாம் மறுபடி வாங்கிக்கலாம்" என்றார். அந்த மனுஷியிடம்தான் பிறகு நான் இப்படி நடந்துகொண்டேன்.

ஐந்து வருடத்துக்கு முன் சாலையை அகலப்படுத்தப் படிப்பகத்தை இடிக்கப்போவதாகப் பேச்சு வந்தது. பழமையான கட்டடமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. எனக்குப் பதற்றம். உட்காராத நாற்காலிக்காக யார் கட்டடத்தை விட்டுவைப்பார்கள்? 'தேசத்தந்தை அமர்ந்த நாற்காலி' என்று பலகை எழுதவைத்து மாட்டினேன்.

பிலோமினாம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். "தப்பா எழுதிகிறாங்கோ அண்ணாச்சி."

"தப்பில்லை. நான்தான் எழுதச் சொன்னேன். நாளைக்கு நீங்கள் பேச வேண்டாம். பெரிய இடத்து மனிதர், உங்கள் பேச்சைக் கேட்டால் முகம் சுளிப்பார்."

உண்மையை அவர் சொல்லிவிடுவார் என்ற பயத்தை மறைக்க அவருடைய தமிழின் மேல் பழி போட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்கலாம்.

அவர் என்னையே பார்த்தார். "எம் பேச்சு கலீஜா கீதுன்னா ஒத்துக்கறேன். எங்க நைனாவ பொய்யாக்காதீங்கோ" என்றார். மறுநாள் சாவி என் கடைக்கு வந்தது. அவர் வரவில்லை, அதன் பிறகு படிப்பகப் பக்கமே வரவில்லை.

அதிகாரி வந்தார். சுவரின் கனத்தைத் தட்டிப் பார்த்தார், உத்தரத்தைப் படம் எடுத்தார். நாற்காலிப் பக்கம் திரும்பவேயில்லை. கட்டடம் அதன் சுவருக்காகவே தப்பித்தது. என் பொய் யாருக்கும் தேவைப்படவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். என் புளுகு ஐந்து வருடம் சுவரில் தொங்கியது. போய் மன்னிப்புக் கேட்க கௌரவம் விடவில்லை. பாழாய்ப்போன கௌரவம்!

இடையில் ஒரே ஒருமுறை காசிமேட்டு மீன் சந்தையில் எதிர்ப்பட்டார். "நாற்காலிக்கு வேப்பெண்ண தடவுறீங்களா அண்ணாச்சி? கரையான் புடிச்சுடப் போவுது" என்றார், ஒன்றுமே நடக்காதது போல. அங்கேயே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "ம்" என்று சொல்லிவிட்டு வஞ்சிரம் விலை விசாரிக்கப் போய்விட்டேன்.

வியாழன் மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். பெட்டிக்குள் நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையில், கையில் ஜெபமாலையோடு படுத்திருந்தார். நான் ஸ்டெல்லாவிடம் மெதுவாகக் கேட்டேன்: "அம்மா என்மேல் கோபமாகவே இருந்தாரா?"

"கோவமா? அதெல்லாம் இல்ல அண்ணாச்சி. அந்த நாற்காலில குந்தாதவரு பொறந்த நாளு வந்தா காலையிலயே குளிச்சுட்டு, இந்தப் பொடவையக் கட்டிகினு வாசல்லயே இருக்கும். படிப்பகத்துல கூட்டம் கீது, கத சொல்ல கூப்புடுவாங்கோன்னு. சாயங்காலம் வரைக்கும் பாக்கும். அப்புறம் மடிச்சு வெச்சுடும்."

ஐந்து பிறந்த நாள். ஐந்திலும் படிப்பகத்தில் நான்தான் ஒலிபெருக்கி பிடித்துப் பேசினேன்.

அடக்கம் முடிந்து திரும்பியதும் பலகையைக் கழற்றிவிட்டேன். போய் வாருங்கள், பிலோமினாம்மா. வருகிற பிறந்த நாளன்று உங்கள் நைனாவின் கதையை உள்ளது உள்ளபடி நான் சொல்வேன். நீங்கள் வந்து சொல்லுங்கள் என்று உங்களைக் கூப்பிடத்தான் எனக்கு இனி வழியில்லை.