ஓமத்தண்ணீர் ஊற்றிய நீலப் போத்தல்

வாவி வற்றும் மாதங்களில் தன்னாமுனைக் கரைச் சேற்றில் பழைய கண்ணாடிப் போத்தல்கள் தலைகாட்டும். கர்ப்பமாயிருந்தபோது என்னை நடக்கச் சொன்னார்கள். நடந்தேன், பொறுக்கினேன். மகளுக்கு நான்கு மாதமானபோது என்னிடம் பன்னிரண்டு போத்தல்கள் இருந்தன.

போத்தலின் வயதைப் பக்கவாட்டிலுள்ள பொருத்துக்கோடு சொல்லும். கோடு வாய்வரை ஏறினால் இயந்திரத்தில் செய்தது. கழுத்தோடு நின்றால் அதைவிடப் பழையது. இதைக் கைபேசியில் படித்தேன். சரியாகத்தான் படித்தேனா என்று மறுபடியும் படித்தேன்.

பன்னிரண்டாவது போத்தல் கடும் நீலம், ஆறு பட்டை. மூன்று பட்டைகளில் விரலுக்குத் தட்டுப்படும் வரிகள். கோடு கழுத்தோடு நின்றது. மருந்துப் போத்தல் என்று முடிவுசெய்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, குசினி யன்னலில் வைத்தேன்.

ஒரு வாரம் கழித்து, பிள்ளை உறங்கிய பகலொன்றில், அந்த வரிகள் எதற்கென்று தேடினேன். இருட்டில் எடுப்பவரின் கைக்குத் தெரியட்டும் என்று நஞ்சுப் போத்தலுக்குத்தான் அப்படிப் போடுவார்களாம்.

குசினிக்குப் போனேன். போத்தலுக்குள் ஓமத்தண்ணீர் இருந்தது. பக்கத்தில் மாமி, என் கணவரின் அம்மா, மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாமி, இதை ஆர் ஊத்தினது?"

"நான்தான். வடிவான போத்தல், சும்மா கிடக்குதே எண்டு."

"பிள்ளைக்குக் குடுத்தீங்களா?"

"ரெண்டு கரண்டி. அதுதானே இப்பிடி உறங்குது."

"இது நஞ்சுப் போத்தல் மாமி."

மாமி கையைத் துடைத்துவிட்டு அதைத் தூக்கிப் பார்த்தார். "ஆர்ர நஞ்சு?" என்றார்.

பிள்ளையையும் போத்தலையும் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். வைத்தியர் என் வயதுப் பெண்.

"என்ன குடுத்தீங்க?"

"ஓமத்தண்ணி."

"எவ்வளவு பழசு?"

"நூறு வருசமிருக்கும்."

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார். "ஓமத்தண்ணியா?"

"போத்தல்," என்றேன். "எண்பதாயும் இருக்கலாம்."

"தண்ணி நேத்து அவிச்சது டொக்டர்," என்றார் மாமி.

கழுவிய போத்தலில் எதுவும் மிஞ்சியிருக்க வாய்ப்புக் குறைவு, ஆனாலும் மாலைவரை வைத்துப் பார்ப்போம் என்றார் வைத்தியர். இல்லை என்று அவர் சொல்லவில்லை, குறைவு என்றுதான் சொன்னார். பிறகு, ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான், ஓமத்தண்ணீரே கொடுக்கக்கூடாது என்று மாமிக்கு விளக்கினார். மாமி என்னைப் பார்த்தார். கிளினிக்கில் இதை எனக்கு முதலே சொல்லியிருந்தார்கள். மாமியிடம் சொல்வது மரியாதையில்லை என்று விட்டிருந்தேன்.

பிள்ளை மூன்று தடவை சலம் போய்த் துணியை நனைத்தாள், தாதியைப் பார்த்துச் சிரித்தாள். மாலையில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நீலப் போத்தலை அவர்களே வைத்துக்கொண்டார்கள். நான் கேட்கவில்லை.

வீட்டில் மாமி மற்றப் பதினொன்றையும் நிலத்தில் பரப்பி, ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"இது?"

"சோஸ் போத்தல், மாமி."

"நல்லாத் தெரியுமாகா?"

யோசித்தேன். "அங்கால வைங்க."

பதினொன்றும் அங்கால போயின. மாமி பெட்டியில் போட்டுக் கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றினார்.

பிள்ளை உறங்கிவிட்டாள். ஓமத்தண்ணீர் கொடுக்காமலே உறங்குகிறாளே என்று எழுப்பிப் பார்த்தேன்.