எலிக்கு ஒற்றைப் பல்லா?

அந்தப் பயறுக் கிடங்கில் அவரைக் 'கொக்கி' என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ! மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கியை, மூட்டையின் காதில், அதாவது தைத்து முறுக்கிய மூலையில் மட்டும்தான் மாட்டுவார். மூட்டையின் வயிற்றில் அது பட்டதே இல்லை. அதில் மனுஷனுக்கு அப்படி ஒரு கர்வம். வேறு யாராவது சாக்கைக் கிழித்துவிட்டால் போதும், "கையில வச்சிருக்கறது கொக்கியா, கோடாலியா?" என்று எல்லோர் முன்னாலும் மானத்தை வாங்கிவிடுவார்.

கிடங்கில் எலி பிடிக்க ஒரு பழுப்புப் பூனை இருந்தது. அவள் பெயர் மாமியார். மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்து, எல்லோரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போவதால் வந்த பெயர் அது. அவள் வந்த பிறகு அங்கே எலி என்ற பேச்சே இல்லை. கொக்கி சாப்பிட உட்கார்ந்தால் மட்டும் முறைப்பெல்லாம் போய், அவர் காலில் உரசிக்கொண்டு கிடப்பாள்.

கொக்கிக்குக் கண்ணில் புரை விழுந்தது. வெளியே மூச்சு விடவில்லை. ஒருநாள் காது என்று நினைத்து மூட்டையின் வயிற்றில் குத்தி இழுத்தார். பயறு பொலபொலவென்று கொட்டியது. நேரம் பார்த்து முதலாளி வந்து நின்றார்.

"என்னண்ணே இது?"

"எலிங்க. கடிச்சு வச்சிருக்கு."

அடப்பாவி மனுஷா! வாய் அவரை முந்திக்கொண்டுவிட்டது. மறுநாள் இன்னொரு மூட்டை கிழிந்தது. அதற்கும் எலிதான். போதாக்குறைக்கு, "மாமியாருக்கு வயசாயிடுச்சுங்க, முன்ன மாதிரி வேலை செய்ய முடியல" என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

முதலாளி சாக்கிலிருந்த ஓட்டையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு லாரி டிரைவரைக் கூப்பிட்டு, பூனையை ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மரக்கடையில் விட்டுவிடச் சொன்னார். கூடைக்குள்ளிருந்து மாமியார் கத்திய கத்தல் கிடங்கு முழுக்கக் கேட்டது. கொக்கி முதுகைக் காட்டிக்கொண்டு மூட்டையை எண்ணுவதுபோல நின்றார்.

கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைப்பவள் அவர் மனைவி. அன்று வீட்டில் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, நம்ம கிடங்கு எலிக்குப் பல்லு ஒண்ணுதானா?"

"என்ன உளர்ற?"

"எலி கடிச்சா நார் நாரா பிஞ்சிருக்கும். இது வட்டமா ஒரே ஓட்டை. இத்தனை வருஷமா தைக்கிறேன், எனக்குத் தெரியாதா? கண்ணு தெரியலன்னா சொல்ல வேண்டியதுதானே. வாயில்லா ஜீவன் மேல பழியப் போட்டீங்களே!"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மனைவி முகத்தைப் பார்க்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

காலையில் நேராக முதலாளியிடம் போய்க் கொக்கியை மேசைமேல் வைத்தார்.

"அது எலி இல்லீங்க. நான்தான். கண்ணு சரியா தெரியல. வேலைய விட்டு அனுப்புறதா இருந்தா என்னை அனுப்புங்க. மாமியாரக் கொண்டாந்துடுங்க."

"தெரியும்ணே."

"என்னது?"

"எல்லாருக்கும் தெரியும். பொய்யின்னு சொல்லி உங்களத் தலைகுனிய வைக்க மனசு வரல. அதான் பூனைய அனுப்பினேன்."

யாரையெல்லாம் கேலி செய்திருந்தாரோ அவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு தன்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள்! முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு அவரே லாரியில் ஏறி உட்கார்ந்தார்.

மரக்கடையில் பலகை அடுக்குக்குப் பின்னாலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். சீறுவாள் என்றுதான் நினைத்தார். அவளோ வந்து அவர் காலில் உரசிவிட்டு, தானாகவே கூடையில் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

"ஒரு கீறலாவது கீறேம்மா" என்று கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையை நக்கினாள்.