பெண் பார்க்க வந்தவள் டிவி பார்த்தாள்

சுனாமி வந்த மறு வருஷம் என் கடைசிப் பெண்ணுக்கு வரன் பார்த்தோம். எங்கள் உப்பளப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் பெண்ணை உப்புப் பாத்தி வேலைக்கு அனுப்பமாட்டோம். அங்கே வெயில் மேலேயிருந்தும் அடிக்கும், உப்பில் பட்டுக் கீழேயிருந்தும் அடிக்கும். அந்தக் கருப்பு கொஞ்சம் இறங்கட்டும் என்று வீட்டு நிழலில் வைத்திருப்போம். நானும் வைத்திருந்தேன்.

வானூர்ப் பக்கத்திலிருந்து பையனும் அவன் அம்மாவும் வந்தார்கள். டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதைப் படம் இல்லை. வெளிநாட்டில் நிஜமாக நடந்ததைத் தமிழில் பேசிக் காட்டினார்கள். கருப்பாக இருக்கிறார்கள் என்பதற்காகக் கடையில் உட்கார விடவில்லையாம், பஸ்ஸில் எழுப்பி விட்டார்களாம். ஒரு கருப்புக் கிழவி, என் வயதுதான் இருக்கும், சொல்லிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தாள்.

நான் டிவியை அணைக்கப் போனேன். பையனின் அம்மா தடுத்தாள்.

"இருக்கட்டும்க்கா. அடப்பாவிங்களா, தோலுக்காகவா இந்தப் பாடு படுத்துறானுங்க! நல்லா இருப்பானுங்களா?"

முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அந்தக் கண்ணீர் மேல் நம்பிக்கை வரவில்லை. துடைத்த கையோடு, கதவோரம் நின்ற என் பெண்ணின் பாதத்தை எதற்குப் பார்க்கிறாள்?

பெண் காபி கொடுத்தாள். பையனின் அம்மா தம்ளரை வாங்கிக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, துணி மூடிய இடத்தையும் மூடாத இடத்தையும் ஒத்துப் பார்த்தாள்.

"பொறவிக் கருப்பு இல்லக்கா, வெயில் கருப்புதான். எங்க வீட்டுக்கு வந்தா வெளுத்துடுவா. எங்களுக்குப் புடிச்சிருக்குது."

பையன் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் காத்திருந்த வார்த்தைதான் அது. ஆனால் சந்தோஷம் வரவில்லை. நாளைக்குப் பிறக்கும் பிள்ளையையும் இவள் இப்படித்தானே புரட்டிப் பார்ப்பாள்?

அவர்கள் பஸ் ஏறியதும் பெண்ணைக் கேட்டேன். "உனுக்குப் புடிச்சிருக்குதா?"

"வெளுக்கலன்னா என்னாம்மா பண்ணுவாங்க?" என்றாள்.

இன்னும் ஏறியே இருந்த அவள் ரவிக்கைக் கையைக் கீழே இழுத்துவிட்டேன்.

மறுநாள் தரகர் சிரித்துக்கொண்டே வந்தார். "இந்த எடம் வேணாம்பா" என்றேன்.

"ஏம்மா, தானா வந்து புடிச்சிருக்குன்றாங்க! அந்தம்மா எவ்ளோ எரக்கமானவங்க தெரியுமா? டிவி பாத்தே அழுதாங்களாமே!"

"அழுதாங்க. நானும் பாத்தேன். பொண்ணு வூட்டுக்குப் புடிக்கலன்னு போய்ச் சொல்லு."